ஏப்ரலில் வாத்து கிடையாது

ஆபிரகாமுக்குப் பர்மிய மொழி பேச வரும், எழுத வராது. துறைமுகத்தில் முப்பது வருடம் ஆங்கிலத்திலேயே கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர் அவர். இப்போது பர்மாவில் ராணுவ ஆட்சி; எந்த அலுவலகத்துக்கும் மனு பர்மியத்தில்தான் போக வேண்டும். அதனால் 1966 ஆகஸ்டு கடைசி ஞாயிறன்று, பூசை முடிந்து அலோன் பேட்டையில் இருந்த வீட்டுக்கு வந்ததும், மகள் ஜூடித்தை மேசையில் உட்காரவைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான் சொல்லச் சொல்ல எழுது ஜூடி. ‘போலீஸ் வசம் இருக்கிற என்னுடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை எனக்கே திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’"

ஜூடித் எழுதினாள். அவளுக்கு முப்பத்தோரு வயது. ஆற்றங்கரையில் உள்ள அரசாங்க அரிசிக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. அம்மா இறந்த பிறகு இந்த வீட்டில் அவளும் அப்பாவும்தான்.

ஆபிரகாமின் கையில் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டுகள் நாலைந்து இருந்தன. அந்த மாதம் முழுக்க அவர் அதையேதான் கத்தரித்துக்கொண்டிருந்தார். மாத முதல் தேதியில் அமெரிக்காவில், டெக்சாஸ் என்ற மாகாணத்தில், ஒருவன் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேல் ஏறி நின்று கீழே போவோர் வருவோரையெல்லாம் ஒன்றரை மணி நேரம் சுட்டுத் தள்ளியிருந்தான். பத்துப் பதினைந்து பேர் செத்துப்போனார்கள். அன்று காலையிலும் கடைக்குப் போய் ஒரு துப்பாக்கி வாங்கியிருக்கிறான். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை; கேட்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. உடனே அந்த நாட்டில் பெரிய வாக்குவாதம் கிளம்பிவிட்டது. துப்பாக்கி விற்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றது ஒரு கட்சி. சட்டம் போட்டால் நல்லவன் கைதான் கட்டப்படும், கெட்டவன் எப்படியும் வாங்குவான் என்றது இன்னொரு கட்சி.

ஆபிரகாம் இரண்டாவது கட்சி. அவர்கள் சொன்னதையெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"இதை எழுது. ‘துப்பாக்கி தானாகச் சுடுவதில்லை. சுடுகிறவன் மனுஷன். கார் மோதி ஆள் செத்தால் காரையா தூக்கில் போடுகிறோம்?’"

"இது அமெரிக்காவுல எவனோ சொன்னதுப்பா."

"நியாயத்தை எந்த ஊர்க்காரன் சொன்னா என்ன? எழுது."

எழுதினாள். கொள்ளைக்காரர் பயம் பற்றி ஒரு பத்தி. அது பொய்யில்லை. நாற்பத்தொன்பதில் ஊரே கலவரத்தில் கிடந்தபோது, ஒருநாள் சாயங்காலம் ஆறு பேர் வாளோடு தெருவுக்குள் வந்தார்கள். ஆபிரகாம் மாடி ஜன்னலிலிருந்து வானத்தைப் பார்த்து இரண்டு தடவை சுட்டார். வந்தவர்கள் ஓடிப்போனார்கள். அப்போது ஜூடித்துக்குப் பதினான்கு வயது. அம்மாவின் மடியில் முகம் புதைத்துக் கிடந்தாள். அந்தச் சத்தத்துக்காக அவள் இன்றைக்கும் அப்பாவுக்கு நன்றியுள்ளவள்தான்.

"கடைசிப் பத்தி," என்றார் ஆபிரகாம். தொண்டையைச் செருமிக்கொண்டார். "‘மேற்படி துப்பாக்கி ஏப்ரல் நாலாம் தேதி காலை என் வீட்டிலிருந்து திருடப்பட்டது. இதற்கு என் மகள் ஜூடித் சாட்சி.’"

பேனா நின்றது.

"எழுதும்மா. ஏப்ரல்ல போலீஸ்கிட்ட சொன்னதுதானே?"

சொன்னதுதான். அதுதான் அவளுக்குத் தாளவில்லை.

ராஜரத்தினம் என்பவன் அவளுடைய கிடங்கில் மூட்டை எண்ணும் குமாஸ்தாவாக இருந்தான். ஆபிரகாமுக்கு வேட்டைத் துணையும் அவன்தான். குளிர்காலத்தில் இருவரும் படகில் ட்வாண்டே பக்கம் போய் வாத்து சுடுவார்கள். வந்ததும் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பது அவன் வேலை. மார்ச் மாதம், வேலை நேரத்தில் குடித்துவிட்டு வந்தான் என்று மேற்பார்வையாளர் அவனை நீக்கிவிட்டார். அன்றிலிருந்து அவன் பேச்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். ஜூடித் தேநீர் கொண்டுபோனபோது அவன் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"அந்த கோடவுன்ல ரெண்டு பேரை விழவச்சாத்தாண்ணே மத்தவனுக்குப் புத்தி வரும்."

ஆபிரகாம் சிரித்தார். "முதல்ல நீ ஆடாம நேரா நில்லு. அப்புறம் விழவைக்கலாம்."

பிறகு அவன் துப்பாக்கியைக் கேட்டான். வாத்துக்குப் போகிறானாம்.

"ஏப்ரல்ல எந்த வாத்து இருக்கு?" என்று ஜூடித் கேட்டாள். "எல்லாம்தான் பிப்ரவரியிலயே போயிடுமே!"

"ஒண்ணு ரெண்டு வழி தெரியாம தங்கியிருக்கும் தங்கச்சி," என்றான் ராஜரத்தினம். இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். அப்பா எழுந்து போய், அலமாரியைத் தன் சாவியால் திறந்து, துப்பாக்கியை ஒரு பழைய லுங்கியில் சுற்றிக் கொடுத்தார். தோட்டாப் பெட்டியையும் கொடுத்தார். ஜூடித் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, கிடங்கு அலுவலகத்தில் அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் முதல் வெடி கேட்டது. திங்ஜான் புத்தாண்டுப் பண்டிகைக்கு யாரோ முன்கூட்டியே பட்டாசு கொளுத்துகிறார்கள் என்று நினைத்தாள். ராஜரத்தினம் மேற்பார்வையாளர் ஊ தெய்ன் மாங்கைத் தேடித்தான் வந்தான். அவரைச் சுட்டான். அதோடு நிற்கவில்லை. அவனை வேலையை விட்டு நீக்காத, அவனோடு ஒரு சண்டையும் போடாத மூன்று பேரைச் சுட்டான். மூட்டை தூக்கும் கோ சான் வின். சிந்திய அரிசியைக் கூட்டும் மா க்யி. வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த சாதிக் பாட்சா. சாதிக் பாட்சா யாருக்கோ டீ ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டு குழலும் காலியாகும்போதெல்லாம் அவன் நின்று, நிதானமாகத் தோட்டா மாற்றினான். ஆட்கள் மூட்டைக் கொக்கிகளோடு அவனை நோக்கி ஓடியபோது துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஆற்றில் குதித்தான். இரண்டு நாள் கழித்து க்யிம்யிண்டைங் படகுத்துறையில் பிணமாக ஒதுங்கினான்.

அன்று மத்தியானமே போலீஸ் வீட்டுக்கு வந்தது. உரிமம் உள்ள துப்பாக்கியை இன்னொருவனுக்குக் கொடுப்பது குற்றம். ஆபிரகாமுக்கு அது தெரியும். "திருடிட்டான் சார். வீட்டுக்கு வந்து போற பய, சாவி இருக்கற இடம் தெரியும்," என்றார். போலீஸ்காரர் ஜூடித்தைப் பார்த்து, "அப்படியா?" என்று கேட்டார். அவளுடைய ரவிக்கைக் கையில் மா க்யியின் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் தலையாட்டினாள். கொன்றவனும் செத்துவிட்டதால் வழக்கை மூடிவிட்டார்கள்.

இப்போது அந்தத் தலையாட்டலை எழுத்தில் கேட்டார் அப்பா.

"கை வலிக்குது. நாளைக்கு எழுதறேன்," என்று எழுந்துகொண்டாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், வழக்கம்போல டீக்கடையில் நின்றாள். கடையை இப்போது சாதிக் பாட்சாவின் மனைவி லத்தீபா நடத்தினாள். இருபத்தாறு வயது. கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தாவை முடித்து, வெளியே வந்த அந்த வாரமே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். அங்கேயும் அமெரிக்கப் பேச்சுதான். பக்கத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் பர்கத்துல்லா பாய் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த ஊருல வெங்காயம் வாங்குற மாதிரி துப்பாக்கி வாங்கலாமாம். பேரைக்கூடச் சரியாக் கேக்க மாட்டானாம். இதுல சட்டம் போடலாமா வேணாமான்னு ரெண்டு கட்சி! பதினஞ்சு மையத்தைக் கிடத்தி வச்சிக்கிட்டு ரெண்டு கட்சி!"

"ஆளு கெட்டவன்னா அருவாளாலயும் வெட்டுவான் பாய்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

லத்தீபா டீயை ஆற்றியபடியே திரும்பினாள். "அருவாளோட வந்திருந்தா எங்க வீட்டுக்காரரு ஓடியிருப்பாகல்ல? ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னவுகளை எந்த அருவா வந்து வெட்டும்?"

அவள் ஜூடித்திடம் டீயைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஜூடித்தக்கா, ரொம்ப நாளா உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன். உங்க வீட்டுல அவன் எப்படித் திருடினான்? பூட்டை உடைச்சானா?"

ஜூடித் டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஏன் கேக்கறே?"

"இத்தாவுல நாலு சுவத்துக்குள்ள உக்காந்து இதைத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன். அமெரிக்காவுலயாச்சும் எந்தக் கடையில வாங்கினான்னு பேப்பர்ல போடுறாகளாம். எங்க வீட்டுக்காரரைச் சுட்டது எப்படி அவன் கைக்கு வந்துச்சுன்னு ஒரு வரி யாரும் எழுதலையே. அவுகளைச் சுட்டவன் பேரு தெரியும். மிச்சமும் தெரிஞ்சுக்கணும்ல?"

"எனக்கு... நேரமாச்சு லத்தீபா," என்று ஜூடித் டம்ளரை வைத்துவிட்டு நடந்தாள். முதுகில் அந்தப் பெண்ணின் பார்வை ஒட்டிக்கொண்டே வந்தது. அவள் சந்தேகப்படவில்லை. அதைத்தான் ஜூடித்தால் தாங்க முடியவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது வழி இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவள் மேசையில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள்.

"மனு எழுத மாட்டேன்ப்பா. நீங்களும் கேக்கக் கூடாது. அந்தத் துப்பாக்கி இந்த வீட்டுக்கு வரக் கூடாது."

"ஏன்? அது என் பொருள். நாற்பத்தேழுல நான் வாங்கினது."

"நாலு பேரைக் கொன்னிருக்கு."

"துப்பாக்கியா கொன்னுச்சு? அவன் கொன்னான்!"

"சரி, அவன்தான் கொன்னான். அவன் வந்து கேட்டபோது அவன் வாயில என்ன வந்துச்சு? ரெண்டு பேரை விழவைக்கணும்னு சொன்னானா இல்லையா? நீங்க சிரிச்சீங்களா இல்லையா?"

ஆபிரகாமின் முகம் சிவந்தது. "குடிகாரன் ஆயிரம் பேசுவான். எல்லாத்தையும் நெசம்னு எடுத்துக்க முடியுமா? அவன் செய்வான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னா கொடுக்காம இருந்திருக்கலாமே! என்ன செய்வான்னு தெரியாதவனுக்குத் துப்பாக்கி எதுக்கு? அமெரிக்காக் கடைக்காரனும் இதைத்தான் சொல்றான், எனக்கு எப்படித் தெரியும்னு. செத்த பதினஞ்சு பேரை அவன் முன்னப்பின்னப் பார்த்திருக்க மாட்டான். நீங்க சாதிக் பாட்சா கையால எத்தனை டீ குடிச்சிருப்பீங்க?"

"வாயை மூடு!"

"ஏப்ரல்லேர்ந்து மூடித்தான் வச்சிருந்தேன்."

ஆபிரகாம் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மனுவைத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மனு எழுதுபவரிடம் கொடுத்து எழுதி வாங்கினார். கடைசிப் பத்தியை மாற்றவில்லை. சொந்த மகள் சபையில் தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று அவர் நம்பினார். நாலு நாள் கழித்து இருவர் பெயருக்கும் அழைப்பு வந்தது.

செப்டம்பர் எட்டு, வியாழக்கிழமை. ஆரோக்கிய மாதா திருநாள். ஆபிரகாம் காலைப் பூசைக்குப் போய், நற்கருணை வாங்கிக்கொண்டு, நேரே அழைப்பில் சொல்லியிருந்த அலுவலகத்துக்கு வந்தார். ஜூடித் தனியாக வந்து சேர்ந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நீளமான மேசைக்குப் பின்னால் ஓர் இளம் ராணுவ அதிகாரி. பக்கத்தில் எழுத்தர். மேசைமேல் சீட்டுக் கட்டிய துப்பாக்கி கிடந்தது. அடிக்கட்டையில் இருந்த விரிசலுக்கு அப்பா அடித்த பித்தளைத் தகடு பளபளத்தது. யாரோ அதைத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

அதிகாரி மனுவைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார். "அமெரிக்கா பற்றி இங்கே எதற்கு எழுதியிருக்கிறீர்கள்? அங்கே கடையில் விற்கிறார்கள். இங்கே விற்பதில்லை. அது அவர்கள் தலைவலி."

"உதாரணத்துக்காக ஐயா," என்றார் ஆபிரகாம் பணிவாக.

அதிகாரி ஜூடித்தைப் பார்த்தார். "திருடியதை நீங்கள் பார்த்தீர்களா?"

அவள் பர்மியத்தில், ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகச் சொன்னாள். "திருடவில்லை ஐயா. சனிக்கிழமை சாயங்காலம் அவன் வந்து கேட்டான். என் அப்பா அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். தோட்டாவும் கொடுத்தார். இரண்டு பேரை விழவைக்க வேண்டும் என்று அவன் சொன்னான். அதை அப்பாவும் கேட்டார், நானும் கேட்டேன்."

"ஜூடி!" என்றார் ஆபிரகாம்.

"ஏப்ரலில் போலீஸிடம் தலையாட்டியிருக்கிறீர்களே?"

"பொய்யாகத் தலையாட்டினேன். அதற்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்கள்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இல்லை. பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுக்கிற பெண் என்றுதான் இருந்தது. அதிகாரியும் அப்படித்தான் பார்த்தார். பெருமூச்சு விட்டார். எழுத்தரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உரிமம் ரத்து. நூறு கியாட் அபராதம். துப்பாக்கி அரசாங்கத்துக்கு. பெரியவருக்கு வயதாகிவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை. மகளுக்கு எச்சரிக்கை.

"அவ்வளவுதானா?" என்றாள் ஜூடித்.

"வேறென்ன?"

"நாலு பேர் செத்திருக்கிறார்கள்."

"கொன்றவனும் செத்துவிட்டான் அம்மா. வழக்கு முடிந்துவிட்டது."

"அப்படியானால் இதையாவது உடைத்துப் போடுங்கள்."

அதிகாரி துப்பாக்கியைக் கையில் எடுத்து, குழலை மடித்து, வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். "நல்ல துப்பாக்கி. எதற்கு உடைக்க வேண்டும்?"

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க எரிந்தது. கெஞ்சினால் இரங்குவார்கள் என்று தெரிந்திருந்தால் காலில் விழுந்திருப்பாள். அங்கே இரக்கமும் இல்லை, கொடுமையும் இல்லை. மூட வேண்டிய ஒரு கோப்பு இருந்தது, அவ்வளவுதான்.

அங்கிருந்து நேரே டீக்கடைக்குப் போனாள். நனைந்த குடையைக்கூட மடக்காமல் லத்தீபாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: சனிக்கிழமை, லுங்கிச் சுற்று, சிரிப்பு, தலையாட்டல். லத்தீபா அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்களும் கேட்டீங்களா? விழவைக்கணும்னு அவன் சொன்னதை?"

"கேட்டேன்."

"அப்புறம் உள்ள போயிட்டீங்க."

"ஆமா."

லத்தீபா கையில் எடுத்த டம்ளரைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள். "இன்னிக்கு டீ தர முடியாதுக்கா. என்னால முடியல. போங்க," என்றாள். ஜூடித் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கிடங்கு வாசலுக்கு வந்தபோது காவல்காரர் வடிவேல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், பதினைந்து வருடமாகக் கையில் லத்தி ஒன்றுதான் வைத்திருந்தார். அன்று மடியில் துப்பாக்கி இருந்தது. ஜூடித் கடந்து போனவள், இரண்டடி திரும்பி வந்தாள். அடிக்கட்டையில் பித்தளைத் தகடு.

"இது எப்படி இங்க வந்துச்சுண்ணே?"

"நேத்து சாயங்காலம் குடுத்தாங்கம்மா. அரிசி திருட்டு ஜாஸ்தியாயிட்டுதாம். கோடவுனுக்குன்னு ஒண்ணு ஒதுக்கியிருக்காங்க." அவர் கூச்சத்தோடு சிரித்தார். "எனக்கு இதைப் பிடிக்கவே தெரியாது."

"அண்ணே, இதுதான் அது."

"எது?"

"ஏப்ரல்ல சுட்டது."

வடிவேல் மடியைப் பார்த்தார். சாதிக் பாட்சாவைத் தூக்கிக் கட்டிலில் போட்ட நாலு பேரில் அவரும் ஒருவர்.

ஜூடித் ரோட்டைக் கடந்து போனாள். லத்தீபா அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்கிட்டப் பேச வேணாம். ஆனா உனக்குத் தெரியணும்," என்று ஜூடித் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். "அதே துப்பாக்கி. உன் கடைக்கு எதிர்ல, வடிவேல் அண்ணன் மடியில."

லத்தீபா கொதிக்கிற கெட்டிலை இறக்கினாள். அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்து, வாசலுக்கு நேர் எதிரே நின்றாள்.

மூட்டை தூக்குகிறவர்கள் எட்டு மணிக்கு வந்தார்கள். செத்துப்போன மா க்யியின் அண்ணன் கோ டுன் அவர்களில் முன்னால் வந்தார். விஷயத்தைக் கேட்டார். துப்பாக்கியைப் பார்த்தார். தோளில் மாட்டியிருந்த கொக்கியை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு லத்தீபாவுக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொருவராக மற்றவர்களும் நின்றார்கள். துறையில் அரிசிப் படகு காத்துக்கிடந்தது.

"வேணாம்மா, காலம் நல்லா இல்ல," என்று பர்கத்துல்லா பாய் தன் கடையிலிருந்து சொன்னார். கொஞ்ச நேரம் அங்கேயே தவித்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைப் பாதி சாத்திவிட்டு அவரும் வந்து நின்றார்.

எட்டரைக்கு மேலாளர் ஓடிவந்தார். "இது என்ன, வேலைநிறுத்தமா? இந்தக் காலத்தில் அதற்கு என்ன ஆகும் தெரியுமா?"

கூட்டம் லேசாகக் கலைந்தது. எல்லோருக்கும் தெரியும். ஜூடித் ஓரடி முன்னால் வந்தாள்.

"யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை ஐயா. எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டோம். அந்தத் துப்பாக்கி வெளியே போனால் நாங்கள் உள்ளே வருகிறோம். இந்த வாசலில்தான் அது நாலு பேரைக் கொன்றது. அதன் முன்னால் குனிந்து மூட்டை தூக்கு என்று இவர்களிடம் யார் சொல்வது? நீங்கள் சொல்கிறீர்களா?"

"அது வெறும் இரும்பு! இரும்பு என்ன செய்யும்?"

அப்போது கோ டுன் வாய் திறந்தார். "இரும்பு ஒன்றும் செய்யாது என்றால், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் இங்கே உட்காருங்கள். வடிவேல் உள்ளே போகட்டும்."

மேலாளர் பதில் சொல்வதற்குள் வடிவேல் எழுந்துவிட்டார். துப்பாக்கியை ஸ்டூலின் மேல், பாம்பை வைப்பதுபோல் வைத்தார். "எனக்கு இது வேணாம் சார். லத்தி போதும். லத்தியோட முடியாதுன்னா நான் வீட்டுக்குப் போறேன்."

பத்து மணி வரைக்கும் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்தரைக்கு ஒரு ஜீப் வந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனது. எங்கே கொண்டுபோனார்கள், உடைத்தார்களா, வேறு வாசலுக்குக் கொடுத்தார்களா என்று யாரும் சொல்லவில்லை. ஆட்கள் கொக்கிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஜூடித்தின் பெயரை மேலாளர் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அடுத்த மாதமே அவளை லத்தாவில் இருந்த சின்ன அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். சந்தைக் கூச்சலுக்கு நடுவே, ஜன்னல் இல்லாத அறை. அவள் அதற்காக வருத்தப்படவில்லை.

ஆபிரகாம் அபராதத்தைக் கட்டினார். மகள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார். பேசவில்லை. பத்திரிகையில் அமெரிக்க வாதம் தொடர்ந்தது. மசோதா வருகிறது என்றார்கள். குழுவில் நிற்கிறது என்றார்கள். அவர் இப்போது எதையும் கத்தரிக்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், நேரே பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

"ஆறு வரைக்கும்."

"நான் போய் என்னத்தைச் சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க."

மறுநாள் போனார். ஜூடித்தும் கூடப் போனாள், ஆனால் ரோட்டின் இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். கடையில் ஆள் இருந்தது. ஆபிரகாம் பெஞ்சில் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார்.

"ராஜரத்தினம் திருடலம்மா. நான்தான் கொடுத்தேன். அவன் பேசினதைக் கேட்டுட்டுத்தான் கொடுத்தேன்."

லத்தீபா டம்ளர் கழுவுவதை நிறுத்தினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை ஏப்ரல்லயே சொல்லியிருக்கணும் ஐயா."

"ஆமாம்மா."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன்னு நினைச்சு வந்தீங்களா?"

ஆபிரகாம் தலையை அசைத்தார். அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. லத்தீபா மறுபடியும் டம்ளரை எடுத்தாள்.

"சொல்ல மாட்டேன். அல்லாஹ்கிட்டக் கேட்டுக்கங்க. போலீஸ்கிட்டச் சொன்ன பொய்யை மட்டும் எழுத்துல மாத்திக் குடுத்துடுங்க. அவுக எப்படி மவுத்தானாகன்னு ஒரு தாள்லயாவது சரியா இருக்கட்டும்."

அவர் அந்த வாரமே போலீஸ் நிலையத்துக்குப் போய்த் திருத்தி எழுதிக் கொடுத்தார். பர்மியத்தில் எழுதியது ஜூடித். ஏப்ரல் இரண்டாம் தேதி சாயங்காலம் அவன் சொன்னதையும், அப்பா சிரித்ததையும், தான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனதையும் அதில் எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.